ஊமை மாளிகையும் ஃபித்ராவும்

கி.பி. 1582ஆம் ஆண்டில் ஒரு நாள், வேட்டைக்குப் புறப்பட்டிருந்த முகலாயப் பேரரசர் அக்பர், நெருங்கிய ஏவலர் சிலரை மட்டும் உடனழைத்துக்கொண்டு ஊருக்கு ஒதுக்குப்புறமாக அமைந்த ஒரு மாளிகைக்குச் சென்றார். அதனுள் இருந்தோர் குழந்தைகள். பால்மணம் மாறாத பருவத்தில் தாயிடமிருந்து பிரித்துக் கொண்டுவரப்பட்டவர்கள். அவர்தம் செவியில் மனிதப் பேச்சு ஒன்றும் விழலாகாது என்பது அரசாணை. அவ்வாறே நான்காண்டுகள் கழிந்திருந்தன. பேரரசர் நின்று கேட்டார். ஊமையர் எழுப்பும் ஒலியன்றி வேறொன்றும் அங்கிருந்து எழவில்லை. அம்மாளிகைக்கு மக்கள் இட்டு வழங்கிய பெயர் ‘குங் மஹல்’. ஊமை மாளிகை என்பது அதன் பொருள்.

இறைநம்பிக்கை மனிதனோடு உடன்பிறந்ததா, அன்றிப் பெற்றோரும் சுற்றமும் அவனுள் விதைப்பதா? இவ்வினாவுக்கு விடை காண நூல்களை ஆராய்ந்தோர் பலர். தனிமையில் அமர்ந்து சிந்தித்தோரும் பலர். குழந்தைகளை அடைத்து வைத்து விடை தேடியது வரலாற்றில் அரிய நிகழ்ச்சி. அதிலும், அச்சோதனைக்கு அடிப்படையாக ஒரு நபிமொழியே கொள்ளப்பட்டதென்று அக்கால வரலாற்றாசிரியர் ஒருவர் எழுதியிருப்பதால், இந்நிகழ்ச்சி நமது தனிக் கவனத்திற்கு உரியதாகிறது.

மூவர் தரும் சாட்சியம்

1575ஆம் ஆண்டில் ஃபத்தேபூர் சிக்ரியில் அக்பர் ‘இபாதத் கானா’வை அமைத்தார். தொடக்கத்தில் முஸ்லிம் அறிஞர்கள் மட்டுமே அங்குக் கூடி விவாதித்தனர். அவர்களுடைய பூசல்கள் பேரரசரின் மனத்தைச் சலிப்புறச் செய்தன. பின்னர் இந்து, சமண, பார்சி சமயத்தாரும், 1580 முதல் கிறிஸ்தவப் பாதிரிமாரும் அவ்விவாதங்களில் இடம்பெற்றனர். ஒவ்வொருவரும் தத்தம் நெறியே உண்மை என்று வாதிட்ட சூழலில்தான் ஊமை மாளிகை எழுந்தது.

இதுபற்றி மூன்று சாட்சியங்கள் நமக்குக் கிடைக்கின்றன. முதலாமவர் அவைப் புலவரான அபுல் ஃபஸ்ல். பேச்சு கேள்வியினால் வருவது என்று பேரரசர் கூறியதைச் சிலர் மறுத்தனர் என்றும், அவர்களைத் தெளிவிக்கவே அவ்வில்லம் கட்டப்பட்டது என்றும் ‘அக்பர் நாமா’வில் அவர் எழுதுகிறார்.

இரண்டாமவர் அப்துல் காதிர் பதாயூனி. பேரரசரின் சமயப் போக்கை வெறுத்த இவர், தம் வரலாற்றை மறைவாகவே எழுதி வைத்தார். ஒவ்வொரு குழந்தையும் ‘ஃபித்ரா’ எனும் இயற்கை நிலையிலேயே பிறக்கிறது என்னும் நபிமொழியைச் சோதித்து, அக்குழந்தைகள் எம்மார்க்கத்தின்பால் சாய்வார்கள், எக்கலிமாவை மொழிவார்கள் என்று அறிவதே நோக்கம் என்கிறார் அவர். ஏறத்தாழ இருபது குழந்தைகள் தாய்மாருக்குப் பொருள் கொடுத்துப் பெறப்பட்டனர் என்றும், அவர்களுள் பலர் மண்ணுக்கு இரையாயினர் என்றும் அவரே குறிப்பிடுகிறார்.

மூன்றாமவர் ஜெரோம் சேவியர் என்னும் பாதிரியார். ஏறத்தாழ இருபதாண்டுகளுக்கு முன் நடந்ததாக அக்பரே தம்மிடம் கூறியதை 1598ஆம் ஆண்டுக் கடிதமொன்றில் அவர் பதிவு செய்தார். முப்பது குழந்தைகள் என்பது அவர் தரும் எண்ணிக்கை. குழந்தைகள் எம்மொழியைப் பேசுகின்றனவோ, அம்மொழிக்குரிய நாட்டின் நெறியைப் பின்பற்றுவதாகப் பேரரசர் எண்ணியிருந்தாராம்.

அபுல் ஃபஸ்ல் புகழ்பவர், பதாயூனி பழிப்பவர், சேவியரோ தம் சமயத்திற்கு ஆள்சேர்க்க வந்தவர். மூவரையும் எச்சரிக்கையோடுதான் அணுக வேண்டும். எண்ணிக்கையில் அவர்கள் வேறுபடுகின்றனர். எனினும் குழந்தைகள் அடைத்து வைக்கப்பட்டதிலும் அவர்கள் பேசவில்லை என்பதிலும் மூவர் கூற்றும் ஒன்றே. சமய நோக்கம் இருந்ததென்பதில் பதாயூனியும் சேவியரும் ஒன்றுபடுகின்றனர். ஒருவர் நூலை மற்றவர் பார்த்து எழுதவில்லையாதலால் இவ்வொற்றுமையை எளிதில் புறந்தள்ள இயலாது.

ஃபித்ரா என்பது யாது?

அபூஹுரைரா (ரலி) அவர்கள் அறிவிக்க, புகாரி, முஸ்லிம் ஆகிய இரு நூல்களிலும் இடம்பெறும் அந்நபிமொழியின் கருத்து நாம் அறிந்ததே. எக்குழந்தையும் ஃபித்ராவிலேயே பிறக்கிறது. அதனை யூதராகவோ கிறிஸ்தவராகவோ மஜூசியாகவோ ஆக்குவோர் பெற்றோரே. இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் தமது மெய்த்தேடலின் தொடக்கத்தைக் கூறுமிடத்தும் இந்நபிமொழியையே நினைவுகூர்கிறார்கள்.

ஃபித்ராவின் பொருள் குறித்து அறிஞரிடையே கருத்து வேறுபாடு உண்டு. ஸ்பெயின் நாட்டு அறிஞர் இப்னு அப்துல் பர் (மறைவு கி.பி. 1071), அது ஈமானோ குஃப்ரோ அன்று, ஏற்கும் தகுதியோடு கூடிய குறையற்ற நிலையே என்றார். தாயின் வயிற்றிலிருந்து வெளிவரும்போது நீங்கள் ஒன்றும் அறியாதோராய் இருந்தீர்கள் என்று கூறும் திருமறையின் 16:78 வசனம் இக்கருத்துக்கு அரண் செய்கிறது. டமாஸ்கஸின் இப்னு தைமிய்யா (மறைவு கி.பி. 1328) இதனோடு அமைதியடையவில்லை. குழந்தை தாய்ப்பாலை நாடுவதுபோல் உள்ளம் தன்னைப் படைத்தவனை நாடுகிறது. தடையொன்றும் குறுக்கிடாவிடில் அந்நாட்டம் அறிவாக மலரும் என்பது அவரது விளக்கம்.

இவ்விரு கருத்துகளும் ஓரிடத்தில் சந்திக்கின்றன. கற்பிக்கப்படாமலே கலிமாவை ஒப்புவிக்கும் ஆற்றல் ஃபித்ரா என்று இருவரும் கூறவில்லை. பாலை நாடும் குழந்தைக்கும் பாலூட்டும் தாய் வேண்டும். முன்சொன்ன 16:78 வசனம், மனிதன் நன்றி செலுத்துதற்பொருட்டு அல்லாஹ் வழங்கிய கருவிகளை எண்ணுமிடத்தில் செவிப்புலனையே முதலில் வைக்கிறது. பார்வையும் உள்ளமும் அதன் பின்னரே வருகின்றன. ஊமை மாளிகையில் அடைக்கப்பட்டது அந்த முதல் வாயிலே.

தீவில் வளர்ந்த குழந்தை

அக்பருக்கு நான்கு நூற்றாண்டுகளுக்கு முன்பே இதே சோதனையைக் கற்பனையில் நடத்திப் பார்த்தவர் இப்னு துஃபைல். கிரனடாவை அடுத்த வாதி ஆஷில் பிறந்து, முவஹ்ஹித் கலீஃபா அபூ யஅகூப் யூசுஃபின் மருத்துவராக விளங்கி, 1185இல் மராகிஷில் மறைந்தவர். அவரது ‘ஹய்யு இப்னு யக்ளான்’ என்னும் கதையில், ஆளில்லாத் தீவொன்றில் ஒரு குழந்தையை மான் ஒன்று பாலூட்டி வளர்க்கிறது. ஏழு வயதளவில் அந்த மான் இறந்துபோகிறது. அதை எழுப்ப முயன்று தோற்ற சிறுவன், எது அகன்றதால் தாய் அசைவற்றுப் போனாள் என்றறிய அதன் மார்பைப் பிளந்து இதயத்தை ஆராய்கிறான். அங்கே தொடங்கும் தேடல், உயிர்களையும் விண்மீன்களையும் கடந்து படைத்தவனிடம் சென்று முடிகிறது.

எட்வர்ட் போகாக் 1671இல் இக்கதையை லத்தீனில் வெளியிட்டபோது, ஐரோப்பியர் பலர் இதனைத் தனித்த பகுத்தறிவின் வெற்றியாகவே படித்தனர். நாம் கருத வேண்டியது வேறொன்றும் உண்டு. இப்னு துஃபைல் அக்குழந்தைக்கு மொழியைத் தரவில்லை. எனினும் ஒரு தாயைத் தந்தார். அன்பையும் பிரிவையும் தந்தார். தலைக்குமேல் திறந்த வானத்தைத் தந்தார். ஹய்யின் முதல் வினா தாயை இழந்த துயரத்திலிருந்தே பிறக்கிறது. பிற்பாடு அப்ஸால் என்பவர் தீவுக்கு வந்து மொழியைக் கற்பித்து ஷரீஅத்தை எடுத்துரைத்தபோது, தான் கண்ட உண்மைக்கு அது முரணன்று என உணர்ந்து அவன் ஏற்றுக்கொள்கிறான்.

கெய்ரோவின் புகழ்பெற்ற மருத்துவர் இப்னுந் நஃபீஸ் (மறைவு கி.பி. 1288) இதற்கு மறுமொழிபோல மற்றொரு கதை எழுதினார். அவருடைய காமில் என்னும் மனிதனும் தனியே வளர்ந்து, படைத்தவன் உண்டெனத் தானே உணர்கிறான். ஆயினும் கப்பலில் வந்தோரோடு கலந்து பழகிய பின்னரே, மனிதன் கூடி வாழ வேண்டியவன் என்பதையும், அவ்வாழ்வுக்குச் சட்டமும் அதைக் கொணரும் நபியும் தேவை என்பதையும் அறிகிறான். நாட்டம் உள்ளிருந்து எழுகிறது. வழி வெளியிலிருந்து வருகிறது. இவ்விரு மருத்துவர்களும் எழுதுகோல் ஒன்றை மட்டும் கொண்டு கண்ட இத்தெளிவைப் பேரரசரின் காவலும் கட்டடமும் தரவில்லை.

இன்றைய ஆய்வுகளும் நமது அவசரமும்

ஊமை மாளிகையின் மௌனத்தைக் கொண்டு மனித உள்ளம் வெறுமையானது என்று முடிவு கட்டலாகாது. பேரரசர் ஒலிக்காகவே காத்திருந்தார். அக்குழந்தைகள் தம்முள் சைகையால் உரையாடினரா, இரவில் வானை நோக்கினரா என்று அபுல் ஃபஸ்லும் பதாயூனியும் எழுதவில்லை. வில்லியம் ஜேம்ஸ் 1890இல் வெளியிட்ட தமது உளவியல் நூலில், மெல்வில் பாலார்ட் என்னும் செவிப்புலனற்ற அமெரிக்க ஆசிரியரின் நினைவுகளை எடுத்தாள்கிறார். எழுத்தறிவு பெறுவதற்கு முன்பே, தந்தையோடு வண்டியில் செல்லும்போது, இவ்வுலகம் எவ்வாறு உண்டாயிற்று என்ற வினா தம்முள் எழுந்ததாகப் பாலார்ட் எழுதியிருந்தார். வளர்ந்தபின் எழுதிய நினைவு என்பதால் இதனை முடிந்த சான்றாகக் கொள்ள இயலாது. கருதத்தக்க ஒரு சாட்சியமாகக் கொள்ளலாம். இங்கும் அச்சிறுவனின் அருகில் ஒரு தந்தை இருந்தார்.

அண்மைக் காலத்தில் டெபோரா கெலெமன் என்னும் உளவியலாளர், இளங்குழந்தைகள் இயற்கைப் பொருள் ஒவ்வொன்றுக்கும் ஒரு நோக்கம் இருப்பதாகக் கருதும் இயல்பை ஆராய்ந்தார். குழந்தைகள் இயல்பாகவே இறைநம்பிக்கையாளர்களா என்று 2004இல் அவர் எழுதிய கட்டுரை பெரிதும் பேசப்பட்டது. ஜஸ்டின் பாரெட் 2012இல் வெளியிட்ட நூல், குழந்தைகள் பிறவியிலேயே நம்பிக்கையின்பால் சாய்ந்தவர்கள் என வாதிடுகிறது. இவற்றைக் கண்டதும், ஃபித்ராவை விஞ்ஞானம் மெய்ப்பித்துவிட்டது என்று நம் மேடைகளில் முழங்குவோர் உளர்.

இம்முழக்கத்தில் நமக்கு உடன்பாடில்லை. கெலெமனின் ஆய்வில் குழந்தைகள், பாறைகள் கூராக இருப்பது விலங்குகள் உடலைச் சொறிந்துகொள்வதற்காக என்பது போன்ற விளக்கங்களையும் ஏற்றுக்கொண்டனர். நோக்கம் காணும் இந்த இயல்பே சிலரைச் சிலை வணக்கத்திற்கும் மூடநம்பிக்கைக்கும் இட்டுச் செல்லக்கூடும். சமயம் மனம் புனைந்த மாயை என்பாரும் இதே ஆய்வுகளைத் தமக்குச் சான்றாகக் காட்டுகின்றனர். மனிதனுக்கு ஒரு நாட்டம் உண்டு என்பது வரையில்தான் ஆய்வு சொல்லும். அந்நாட்டத்தின் இலக்கு உண்மையா என்பதை அது சொல்லாது. நாட்டம் மட்டுமே போதுமானதாக இருந்திருப்பின் நபிமார்கள் வருகைக்குத் தேவையே இருந்திராது. குழந்தையின் வாயிலிருந்து மார்க்கத்துக்குச் சான்று பறிக்க முயன்றதே அக்பரின் பிழை. ஆய்வுக்கூடத்தின் வாயிலாக நாம் அதையே செய்தல் தகுமா?

செவி அறுபட்டவர்கள்

இனி, அந்நபிமொழியின் பிற்பகுதியை நோக்குவோம். கால்நடை தன் கன்றை முழு உறுப்புகளோடு ஈனுகிறது. செவி அறுபட்டதாக ஏதேனும் பிறக்கக் காண்கிறீர்களா என்று அண்ணல் நபி (ஸல்) அவர்கள் வினவினார்கள். கால்நடைகளின் செவியை அறுத்து நேர்ந்துவிடும் வழக்கம் அறியாமைக் கால அரபுகளிடம் இருந்தது. கால்நடைகளின் காதுகளை அறுப்பதையும் அல்லாஹ்வின் படைப்பை மாற்றுவதையும் ஷைத்தானின் தூண்டுதல்களாகத் திருமறை (4:119) ஒருசேரக் கண்டிக்கிறது. ஃபித்ராவைக் கூறும் 30:30 வசனமும் அல்லாஹ்வின் படைப்பில் மாற்றமில்லை என்றே மொழிகிறது.

ஃபித்ராவை முழுமையாகக் காண விரும்பிய பேரரசர், அதன் செவியையே அறுத்துவிட்டார். பெற்றோரின் தவறான போதனை குழந்தையைத் திரிக்கும் என்று நபிமொழி எச்சரிக்கிறது. பெற்றோரே இல்லாமற்போவதும், அன்பும் பேச்சும் மறுக்கப்படுவதும் அதனினும் கொடிய ஊனமல்லவா? அந்நபிமொழியைக் குழந்தையின் இயல்பு பற்றிய செய்தியாகவே நாம் பெரும்பாலும் படிக்கிறோம். வளர்ப்போரின் தோள்மீது அது சுமத்தும் பொறுப்பை மறந்துவிடுகிறோம்.

அம்மாளிகையில் வளர்ந்த குழந்தைகளின் பெயர்களை அபுல் ஃபஸ்லும் எழுதவில்லை, பதாயூனியும் எழுதவில்லை. எஞ்சியவர்கள் பின்னர் என்னவானார்கள் என்பதும் அவர்கள் பக்கங்களில் இல்லை. அவர்களைக் குறையற்றவர்களாகப் படைத்தவன் அவர்களை அறிவான்.