மழைக்காலத்தில் தொழிற்சாலை தூசி உறிஞ்சும் கருவிகள் ஏன் திணறுகின்றன? ஈரம் வெடிவிபத்து வரை கொண்டுபோனது எப்படி?

2014 ஆகஸ்ட் 2, சனிக்கிழமை. சீனாவில் ஷாங்காய்க்கு அருகே உள்ள குன்ஷான் நகரில், கார்களுக்கான அலுமினிய வீல்களை பாலிஷ் போடும் தொழிற்சாலை ஒன்றில் காலை 7 மணிக்கு ஷிஃப்ட் தொடங்கியது. 7.10-க்கு தூசி உறிஞ்சும் ஃபேன்களை ஓடவிட்டார்கள். 7.34-க்கு மொத்தக் கூடமும் வெடித்துச் சிதறியது.

அரசு விசாரணை அறிக்கைக் கணக்கில் 97 பேர் உயிரிழந்தனர். அதன் பிறகு தீக்காயத்துக்கு சிகிச்சை பலனளிக்காமல் மேலும் 49 பேர் இறந்தனர். மொத்தம் 146 பேர்.

முதலில் வெடித்தது பாய்லரோ கேஸ் சிலிண்டரோ இல்லை. கூடத்தில் தூசி சேராமல் இருக்க வைத்திருந்த தூசி சேகரிப்புக் கருவிதான். அதற்கு முந்தைய இரண்டு நாளும் அந்தப் பகுதியில் மழை. காற்றில் ஈரப்பதம் 97 சதவீதம் வரை போயிருந்தது. தூசி விழும் டிரம்மின் அடிப்பகுதி துருப்பிடித்து ஓட்டையாகி இருந்ததால், உள்ளே கிடந்த அலுமினியத் தூள் ஈரத்தை இழுத்துக்கொண்டு, சூடாகி, பற்றிக்கொண்டது என்று விசாரணை அறிக்கை சொன்னது. வெடிப்பின் அழுத்தம் வெளியேற வழி இல்லை. அதனால் தீ, தூசி உறிஞ்சும் குழாய்கள் வழியாகவே தொழிலாளர்கள் நின்ற இடத்துக்குத் திரும்பி வந்தது.

எல்லா ஆலையிலும் இப்படி நடக்காது. பெரும்பாலான இடங்களில் ஈரம் சத்தமில்லாமல் கருவியை முடக்கும். அது எப்படி என்று பார்ப்போம்.

கருவி எப்படி வேலை செய்கிறது?

சிமென்ட் ஆலை, ஃபவுண்டரி, பாய்லர் வீடு என அதிகம் இருப்பது 'பேக் ஃபில்டர்'. பெரிய தகரப் பெட்டிக்குள் வரிசையாக நீளமான துணிப்பைகள் தொங்கும். ஃபேன் இழுக்கும் தூசிக்காற்று துணி வழியாக உள்ளே போகும். தூசி துணியின் வெளிப்பக்கத்தில் படியும். சில நொடிகளுக்கு ஒருமுறை கம்ப்ரசர் காற்று 'டப்' என்று பைக்குள் அடிக்கும். படிந்த தூசி உதிர்ந்து கீழே உள்ள ஹாப்பரில் விழும். அவ்வளவுதான் விஷயம்.

இதில் முக்கியமான ஒன்று: தூசி காய்ந்த பொடியாக இருந்தால்தான் உதிரும். கொஞ்சம் நனைந்தாலும் மாவு பிசைந்த மாதிரி துணியில் ஒட்டிக்கொள்ளும்.

உள்ளே தண்ணீர் எங்கிருந்து வருகிறது?

ஐஸ் தண்ணீர் ஊற்றிய டம்ளருக்கு வெளியே முத்து முத்தாக நீர் கோர்க்கிறதே, அதேதான். 30 டிகிரி செல்சியஸ் வெப்பமும் 80 சதவீத ஈரப்பதமும் உள்ள ஒரு கன மீட்டர் காற்றில் சுமார் 24 கிராம் நீராவி இருக்கும். இந்தக் காற்று ஏறக்குறைய 26 டிகிரிக்குக் குளிர்ந்தாலே நீர்த்துளி உருவாகத் தொடங்கிவிடும். இந்த வெப்பநிலையைத்தான் பனிப்புள்ளி என்கிறார்கள். வெறும் 4 டிகிரி வித்தியாசம்! ராத்திரி மழையில் நனைந்த தகரச் சுவர் அதைவிடக் குளிராகத்தான் இருக்கும்.

டிரையர், பாய்லர் போன்ற இடங்களில் நிலைமை இன்னும் மோசம். அங்கே வரும் புகையிலேயே நீராவி நிறைய. நிலக்கரியில் கந்தகம் இருந்தால், 100 டிகிரிக்கு மேலேயே அமிலத் துளிகள் உருவாகி இரும்பை அரிக்கத் தொடங்கும். வெளியில் 'சூடாத்தானே இருக்கு' என்று தெரிந்தாலும் உள்ளே அரிப்பு நடந்துகொண்டிருக்கும்.

அடுத்தது மழைநீர். ஃபேன் இழுப்பதால் பெட்டிக்குள் வெளிக்காற்றைவிட அழுத்தம் குறைவு. கதவின் கேஸ்கெட் கொஞ்சம் பிய்ந்திருந்தாலும் போதும், மேலே தேங்கிய தண்ணீரை கருவியே உறிஞ்சி உள்ளே எடுத்துக்கொள்ளும்.

யாரும் கவனிக்காத இன்னொரு வழி, கம்ப்ரசர். காற்றை அழுத்தும்போது அதில் உள்ள ஈரமும் சேர்ந்து வரும். டிரையர் வேலை செய்யாமல், டேங்கின் அடியில் சேரும் தண்ணீரைத் தினமும் திறந்து விடாமல் இருந்தால், சுத்தம் செய்ய அடிக்கும் காற்றே துணிப்பைக்குள் தண்ணீரைத் தெளிக்கும். பையை மாற்றி, மாற்றி செலவு செய்யும் ஆலைகள் முதலில் பார்க்க வேண்டியது இந்த டேங்கைத்தான்.

துணி அடைத்துக்கொண்டால் யாருக்கு பாதிப்பு?

சிமென்ட், சுண்ணாம்புத் தூசி ஈரத்தில் இறுகிக் கல்லாகும். உரம், சர்க்கரைத் தூசி பிசுபிசுவென்று ஒட்டும். எதுவானாலும் துணியின் துளைகள் மூடிவிடும். பையின் இருபுற அழுத்த வித்தியாசத்தைக் காட்டும் மீட்டரில் இது உடனே தெரியும். பல ஆலைகளில் வழக்கமாக 100 முதல் 150 மில்லிமீட்டர் வரை நிற்கும் அளவு ஏறிக்கொண்டே போகும்.

மீட்டர் ஏறினால் உறிஞ்சும் சக்தி இறங்குகிறது என்று அர்த்தம். தூசி கிளம்பும் இடத்தில் வைத்திருக்கும் ஹூட் காற்றை இழுக்காது. கருவி ஓடும், சத்தம் வரும், கரண்ட் பில்லும் வரும். தூசி மட்டும் தொழிலாளியின் மூக்குக்குப் போகும்.

ஃபவுண்டரி மணல் போன்றவற்றில் இது உயிர்ப் பிரச்னை. மணலில் உள்ள சிலிக்கா நுண்தூள் நுரையீரலைத் தழும்பாக்கும் சிலிகோசிஸ் நோய்க்கு, இழந்த நுரையீரலை மீட்கும் சிகிச்சை கிடையாது. உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை 1997-லேயே இந்தத் தூசியை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என வகைப்படுத்திவிட்டது. கோவையின் ஃபவுண்டரிகளுக்கும் அரியலூரின் சிமென்ட் ஆலைகளுக்கும் அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவமழைதான் சோதனைக் காலம்.

இந்த நேரத்தில் வழக்கமாக நடக்கும் தவறு, காற்றழுத்தத்தை ஏற்றி இன்னும் பலமாக அடிப்பது. ஈரத்தூசி அதில் உதிராது, துணிதான் கிழியும். ஹாப்பரை சுத்தியலால் தட்டினால் தகரம் நெளிந்து, அடுத்த முறை அங்கேயே தூசி தேங்கும். அதைவிட மோசம், 'மழை விடட்டும்' என்று ஃபில்டருக்குப் போகாத பைபாஸைத் திறந்துவிடுவது. ஆலைக்குள் இருந்த பிரச்னை அப்போது ஊருக்குப் போகிறது.

சரி, என்னதான் செய்யணும்?

உள்ளே இருக்கும் காற்று பனிப்புள்ளியைத் தொடவிடக் கூடாது. மற்ற வேலை எல்லாம் இதற்காகத்தான். சூடான காற்று வரும் ஃபில்டர் என்றால் பெட்டிக்கும் குழாய்க்கும் வெப்பம் போகாத உறை போட வேண்டும். ஹாப்பர்தான் முதலில் குளிரும் இடம் என்பதால் அதற்குத் தனி ஹீட்டர் வைப்பது வழக்கம்.

கருவியைத் தொடங்கும்போதும் நிறுத்தும்போதும்தான் அதிக சேதம். ஈரமான புகையை விடுவதற்கு முன் சூடான, சுத்தமான காற்றை ஓட்டி பெட்டியைக் காயவைக்க வேண்டும். பாய்லர்களில் புதிய பைகள் மீது முதலில் சுண்ணாம்புக்கல் தூளைப் படியவிடுவதும் உண்டு. ஈரமும் எண்ணெய்ப் பசையும் துணியைத் தொடாமல் அது தடுக்கும். வேலை முடிந்ததும் ஃபேனை உடனே அணைக்காமல் 10, 15 நிமிடம் ஓடவிட்டு, பைகளை உதறி, ஹாப்பரைக் காலி செய்துவிட்டுத்தான் நிறுத்த வேண்டும். ஹாப்பர் தூசி வைக்கும் குடோன் இல்லை.

துணியிலும் விஷயம் இருக்கிறது. விலை குறைவு என்று பாலியஸ்டர் பை போட்டால், சூடும் ஈரமும் சேரும் இடத்தில் அதன் நூலே வலுவிழந்து உதிரும். அக்ரிலிக் துணி அந்த ஈரச்சூட்டைத் தாங்கும். மேலே மெல்லிய டெஃப்லான் படலம் ஒட்டிய பைகளில் ஈரத்தூசி அவ்வளவாகப் பிடிக்காது, விலை கூடுதல்.

ஈரம் எப்போதும் எதிரி என்றும் சொல்ல முடியாது. மின்சாரத்தால் தூசியைப் பிடிக்கும் இஎஸ்பி கருவிக்கு, சூளைப் புகையில் தண்ணீர் தெளித்து ஈரமாக்கி அனுப்பும் வழக்கம் சிமென்ட் ஆலைகளில் உண்டு. தூசி நன்றாகப் பிடிபட அது உதவும். தண்ணீரால் தூசியைக் கழுவும் ஸ்க்ரப்பருக்கும் மழை பயம் இல்லை. ஆனால் அங்கே சேரும் சகதியை என்ன செய்வது என்பது அடுத்த தலைவலி.

அலுமினியம், மெக்னீசியம் என்றால்?

இங்கே விதியே வேறு. இந்த உலோகத் தூள்கள் தண்ணீருடன் வினைபுரிந்து சூட்டையும் ஹைட்ரஜன் வாயுவையும் உண்டாக்கும். ஹைட்ரஜன் எளிதில் வெடிக்கக்கூடியது. அதனால் சேகரிப்பு டிரம்மை ஒவ்வொரு ஷிஃப்ட்டிலும் காலி செய்ய வேண்டும். டிரம்மில் துரு தெரிந்தால் மாற்ற வேண்டும். கருவியைக் கட்டடத்துக்கு வெளியே வைத்து, வெடிப்பு அழுத்தம் பாதுகாப்பான பக்கம் வெளியேறும் பேனலும், தீ குழாய் வழியே திரும்பாத தடுப்பும் பொருத்த வேண்டும். தண்ணீரால் பிடிக்கும் வகைக் கருவி என்றால், மெஷின் நின்ற பிறகும் ஹைட்ரஜன் தேங்காமல் காற்றோட்டம் இருக்க வேண்டும்.

டிரம்மைத் தொட்டால் வழக்கத்தைவிடச் சூடாக இருக்கிறதா? வேலையை நிறுத்தி, ஆட்களை வெளியேற்றி, தகவல் சொல்ல வேண்டும். மூடியைத் திறந்து கிளறிப் பார்க்கக் கூடாது. தூள் பற்றிக்கொண்டால் தண்ணீரோ சாதாரண தீயணைப்பானோ வேண்டாம். உலர்ந்த மணல் அல்லது உலோகத் தீக்கான தனிப் பவுடரை, தூள் கிளம்பாத மாதிரி மெதுவாகப் போட்டு மூட வேண்டும்.