சவரப் பின்பூச்சு: திருவண்ணாமலையில் சந்தனம் முதல் லோஷன் வரை

சவரப் பின்பூச்சு என்பது முகத்தையோ தலையையோ மழித்த பிறகு தோலின் எரிச்சலைத் தணிக்கவும், கத்திக் கீறலில் கசியும் இரத்தத்தை நிறுத்தவும் பூசப்படும் பொருளாகும். இன்று இது ஆஃப்டர் ஷேவ் லோஷன், டோனர், பாம் என்ற பெயர்களில் கடைகளில் விற்கப்படுகிறது. புட்டிகள் வருவதற்கு முன்பு தமிழகத்தில் இதே வேலையைத் தண்ணீரும் சந்தனமும் பன்னீரும் படிகாரமும் செய்தன. குளிர்விக்க ஒன்று, இரத்தத்தை நிறுத்த ஒன்று என அவற்றின் வேலைகள் தனித்தனியாக இருந்தன. எதை எப்போது இடுவது என்பது நாவிதரின் அறிவாக இருந்தது. முடி இறக்குதல், துறவு, காட்டுச் சந்தனம் ஆகிய மூன்றும் கூடுகிற ஊர் என்பதால் திருவண்ணாமலையை வைத்து இந்த வரலாற்றைப் பார்ப்பது எளிது.

அய்யங்குளத்தில் ஒரு மழிப்பு

இந்நகரின் வரலாற்றில் மிகவும் அறியப்பட்ட மழிப்பு 1896ஆம் ஆண்டு செப்டம்பர் 1ஆம் நாள் நடந்தது. மதுரையிலிருந்து வீட்டை விட்டு வந்த வேங்கடராமன் என்ற 16 வயதுச் சிறுவன், அருணாசலேசுவரர் கோயிலில் வழிபட்டுவிட்டு வெளியே வந்தான். குடுமியை எடுக்க வேண்டுமா என்று யாரோ கேட்க, அவன் இசைந்தான். நாவிதர்கள் தொழில் செய்துவந்த அய்யங்குளக் கரைக்கு அவனை அழைத்துச் சென்றார்கள். அங்கே தலை முழுவதும் மழிக்கப்பட்டது. பின்னாளில் ரமண மகரிஷி என்று உலகம் அறிந்தவர் இவரே.

மழித்த பின் குளிக்க வேண்டும் என்பது விதி. சிறுவன் அதையும் உடலுக்குச் செய்யும் உபசாரமாகக் கருதிக் குளிக்காமலே கோயிலுக்குத் திரும்பினான். உள்ளே நுழையும் முன் பெய்த மழை அவனை நனைத்துவிட்டது. ரமணரின் வாழ்க்கை வரலாறுகள் இதை அருளாகச் சொல்கின்றன. பின்பூச்சின் வரலாற்றைத் தேடுபவருக்கு இதில் வேறொரு செய்தியும் இருக்கிறது. சடங்கு விதியாகச் சொல்லப்பட்ட அந்தக் குளியல்தான் பெரும்பாலான மக்களுக்குச் சவரத்துக்குப் பின் கிடைத்த முதல் ஆறுதல். ஒட்டிய முடித்துணுக்கு, சோப்பு, வியர்வை ஆகியவற்றைக் கழுவி, சூடேறிய தோலைக் குளிர்விக்க அதுவே போதுமானதாக இருந்தது.

அதற்குப் பின் ரமணரின் தலை ஏறத்தாழ ஒன்றரை ஆண்டு மழிக்கப்படவில்லை. முடி கூடை பின்னியதுபோல் சடையாகி, மண்ணும் சிறு கல்லும் அதில் தங்கிவிட்டதாக அவரே பிற்காலத்தில் நினைவுகூர்ந்திருக்கிறார். ஆசிரமக் காலத்தில் அவருக்குப் பௌர்ணமிதோறும் மழிப்பது வழக்கமாயிற்று. பௌர்ணமியில் மழித்துக்கொள்வது துறவியரின் பழைய மரபு. இன்று அதே நாளில்தான் 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையில் பெருங்கூட்டம் நடக்கிறது.

சந்தனம்

வேண்டுதலுக்கு மொட்டை போட்ட குழந்தையின் தலையில் சந்தனம் பூசுவது தமிழகக் கோயில் ஊர்களில் எங்கும் காணும் காட்சி. சந்தனத்தைக் கல்லில் அரைத்து, தண்ணீரோ பன்னீரோ விட்டுக் குழைத்துப் பூசுவார்கள். குளிர்ச்சிக்கு முதற்காரணம் ஈரம்தான். குழம்பில் உள்ள நீர் மெல்ல ஆவியாகும்போது தோலிலிருந்து வெப்பத்தை எடுத்துக்கொள்கிறது. வெறும் தண்ணீர் வழிந்தோடிவிடும். குழம்பு அந்த ஈரத்தை நெடுநேரம் பிடித்துவைக்கும். அதோடு அதுவரை வெயில் படாத தலைத்தோலுக்கு மேல் ஒரு மெல்லிய திரையாகவும் நிற்கும். சந்தன எண்ணெயின் மணத்துக்குக் காரணம் சாண்டலால் என்ற வேதிப்பொருள்.

திருவண்ணாமலைக்குச் சந்தனம் தொலைதூரச் சரக்கு அல்ல. மாவட்டத்தின் வடமேற்கில் உள்ள சவ்வாது மலை தமிழகத்தின் பெயர்பெற்ற சந்தனக் காடுகளில் ஒன்று. மலைக்கு அப்பால் திருப்பத்தூரில் வனத்துறையின் சந்தனக் கிடங்கு இருக்கிறது. ஏலம் அங்கேதான் நடக்கிறது. சந்தனமரம் பிற மரங்களின் வேரிலிருந்து சத்தை உறிஞ்சி வளரும் ஓர் அரை ஒட்டுண்ணி. மணமுள்ள வைரக்கட்டை தேறப் பல பத்தாண்டுகள் ஆகும். வெட்டும் வேகத்துக்கு மரம் வளரும் வேகம் ஈடுகொடுக்கவில்லை. 1998இல் பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்புச் சங்கம் சந்தனமரத்தை அழிவாய்ப்புள்ள இனமாகப் பட்டியலிட்டது. தனியார் நிலத்தில் வளரும் சந்தனமரத்துக்கான கட்டுப்பாடுகளைத் தமிழக அரசு 2002இல் தளர்த்தியது.

சந்தனக்கட்டை கிலோ பல ஆயிரம் ரூபாய்க்குப் போகும் காலத்தில், சில ரூபாய்க்குக் கிடைக்கும் பொட்டலத்தில் அசல் சந்தனம் எவ்வளவு இருக்க முடியும் என்பதை யாரும் கணக்கிட்டுக்கொள்ளலாம். மழித்த தோலில் நிறமும் செயற்கை மணமும் கலந்த பொடியைப் பூசுவதைவிடத் தண்ணீர் ஊற்றிக் கழுவுவது மேல்.

படிகாரம்

சந்தனம் கோயில் வாசலுக்கு உரியது என்றால் படிகாரம் சவரக் கடைக்கு உரியது. சீனக்காரம் என்றும் இதற்குப் பெயர் உண்டு. பொட்டாசியமும் அலுமினியமும் சேர்ந்த சல்பேட்டு உப்பு இது. பழங்காலத்தில் கட்சு, பஞ்சாபின் காலாபாக் போன்ற இடங்களில் படிகாரக் களிப்பாறையிலிருந்து எடுக்கப்பட்டது. நம் வீடுகளில் கலங்கிய தண்ணீரைத் தெளியவைக்கவும், வாசலில் திருஷ்டிக்குக் கட்டவும் பயன்படுகிறது. சித்த மருத்துவத்தில் படிகார பற்பம் உண்டு.

ஈரமான முகத்தில் படிகாரக் கல்லைத் தேய்க்கும்போது, அது கசியும் இரத்தத்திலும் தோலின் மேற்பரப்பிலும் உள்ள புரதங்களை உறையச் செய்கிறது. சிறு கீறல்களின் வாய் சுருங்கி இரத்தம் நிற்கிறது. சாணைக்கல்லில் தீட்டித் தோல்வாரில் தேய்த்துக் கூராக்கிய சவரக்கத்தியின் காலத்தில் இத்தகைய கீறல்கள் அன்றாடம் நேர்ந்தன. அதனால் கத்தியும் கிண்ணியும் இருக்கும் அடைப்பத்தில் ஒரு துண்டுப் படிகாரமும் இருந்தது. படிகாரம் தோலைக் குளிர்விக்காது, இறுக்கி உலர்த்தும். தேய்த்துச் சற்று நேரத்தில் கழுவிவிட வேண்டும் என்று பழகிய கைகள் சொல்வது இதனால்தான்.

மருத்துவர் என்ற பெயர்

தமிழகத்தில் நாவிதர் சமூகத்தினருக்கு மருத்துவர் என்றும் பண்டிதர் என்றும் பெயருண்டு. இது மரியாதைக்காகச் சூட்டப்பட்ட பெயர் மட்டுமன்று. ஆண்கள் கட்டி கீறினார்கள், புண்ணுக்கு மருந்திட்டார்கள். பெண்கள் பேறு பார்த்தார்கள். 1909இல் வெளியான எட்கர் தர்ஸ்டனின் தென்னிந்தியக் குலங்கள் பற்றிய தொகுதிகளும் இச்சமூகத்தின் மருத்துவப் பணியைப் பதிவுசெய்துள்ளன. தமிழக அரசின் மிகவும் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் மருத்துவர், நாவிதர் ஆகிய பெயர்களோடு ‘பிராணோபகாரி’ என்ற பெயரும் இருக்கிறது. உயிருக்கு உதவுபவர் என்பது அதன் பொருள்.

ஐரோப்பாவிலும் இப்படி ஒரு சேர்க்கை இருந்தது. இங்கிலாந்தில் நாவிதரும் அறுவை மருத்துவரும் 1540இல் ஒரே சங்கமாக இணைக்கப்பட்டு, 1745இல் பிரிந்தார்கள். அங்கே பிரிந்துபோன அறுவை மருத்துவர் படிப்பும் பட்டமும் பெற்று உயர்ந்தார். இங்கே பிரிவினை வேறு விதமாக நடந்தது. 1914இல் சென்னை மாகாணத்தில் மருத்துவப் பதிவுச் சட்டம் வந்தது. 1925இல் சென்னையில் இந்திய மருத்துவப் பள்ளி திறக்கப்பட்டது. ஆங்கில மருத்துவத்துக்கும், பின்னர் ஏட்டு வழியிலான நாட்டு மருத்துவத்துக்கும் அரசு ஏற்பு கிடைத்தது. கைப்பழக்கத்தில் கற்ற நாவிதரின் சிகிச்சை இந்த இரண்டுக்கும் வெளியே நின்றது. இச்சமூகத்தைச் சேர்ந்த சித்த மருத்துவர் ஆனந்தம் பண்டிதர் ‘மருத்துவன்’ என்ற இதழை நடத்தி, தம் மக்களின் மருத்துவ உரிமையை எழுத்தில் வலியுறுத்தினார். நடைமுறையில் மருந்துப்பை அடைப்பத்திலிருந்து விலகிப்போனது. மிஞ்சியது படிகாரக் கல் ஒன்றுதான் என்று சொன்னால் அது பெரிய மிகையாகாது.

புட்டிகள் வந்த கதை

1709இல் ஜெர்மனியின் கொலோன் நகரில் ஃபரினா தயாரித்த நறுமண நீரே யூ டி கோலன். ஆல்கஹாலில் கரைத்த மணம் என்ற அந்த அமைப்பையே பின்வந்த சவர லோஷன்கள் எடுத்துக்கொண்டன. 1904இல் கிங் ஜில்லெட் பாதுகாப்பு ரேசருக்குக் காப்புரிமை பெற்றார். ஆண்கள் வீட்டிலேயே சவரம் செய்துகொள்ளத் தொடங்கியதும், அவர்களுக்காகத் தனிப் பின்பூச்சுகளும் சந்தைக்கு வந்தன. அமெரிக்காவில் அக்வா வெல்வா 1917இலும், ஆண்களுக்கான ஓல்டு ஸ்பைஸ் 1938இலும் அறிமுகமாயின.

தமிழகச் சலூன்களில் நெடுங்காலம் இவை எட்டாத பொருள்கள். அங்கே சவரம் முடிந்ததும் படிகாரம், அதன் மேல் ஸ்னோ, கடைசியாகப் பவுடர் என்பதே வரிசை. 1919இல் பம்பாயில் பாட்டன்வாலா தொடங்கிய ஆப்கான் ஸ்னோவும், குட்டிக்கூரா பவுடரும் அந்தக் காலத்தின் மணங்கள்.

ஆல்கஹால் கலந்த லோஷனுக்கு இன்னொரு தடையும் இருந்தது. 1937இல் சேலத்தில் தொடங்கிய மதுவிலக்கு 1939இல், திருவண்ணாமலை அப்போது சேர்ந்திருந்த வட ஆற்காடு மாவட்டத்துக்கும் வந்தது. மதுவிலக்கு மாகாணங்களில் நறுமண நீரும் மதுவா என்ற கேள்வி எழுந்தது. பம்பாய் மதுவிலக்குச் சட்டத்தை எதிர்த்து பால்சாரா என்பவர் தொடுத்த வழக்கில் யூ டி கோலனும் லாவண்டர் நீரும் இடம்பெற்றன. ஆல்கஹால் கலந்த மருந்துகளுக்கும் ஒப்பனைப் பொருள்களுக்கும் விதித்த தடை செல்லாது என்று உச்ச நீதிமன்றம் 1951இல் தீர்ப்பளித்தது. 1955இல் இத்தகைய பொருள்களின் மீது வரி விதிக்க நடுவண் அரசு தனிச்சட்டம் இயற்றியது.

எரிச்சல் எதைச் சொல்கிறது

லோஷன் சுரீர் என்று பட்டால் கிருமி செத்துவிட்டது என்பது பரவலான நம்பிக்கை. எரிச்சலுக்குக் காரணம் வேறு. தோலில் சூட்டை உணரும் ஒரு நரம்பு ஏற்பி வழக்கமாக ஏறத்தாழ 42 டிகிரி செல்சியசில் விழிக்கும். ஆல்கஹால் பட்டால் அது சுமார் 34 டிகிரியிலேயே விழித்துவிடும் என்று 2002இல் வெளியான ஆய்வு காட்டியது. உடலின் சொந்தச் சூடே சுடுவதாகத் தோன்றுகிறது. மென்தால் இதற்கு நேர்மாறாகக் குளிர் ஏற்பியைத் தூண்டி, குளிராத இடத்தில் குளிர்ச்சியை உணரவைக்கிறது. இரண்டுமே தோலின் நிலைமை பற்றி எதுவும் சொல்வதில்லை.

சவரக்கத்தி முடியோடு தோலின் மேலடுக்கையும் சிறிது சுரண்டி எடுக்கிறது. தோலின் இயல்பு சற்று அமிலத்தன்மை கொண்டது. சோப்பு காரத்தன்மை உடையது. ஆகவே தோல் வறண்டு நிற்கும் நேரம் அது. வறண்ட தோலும் எளிதில் சிவக்கும் தோலும் உடையவர்களுக்கு ஆல்கஹாலும் மணமும் இல்லாத பாம் அல்லது டோனர் பொருந்தும். எண்ணெய் வழியும் தோலுக்கு ஆல்கஹால் குறைந்த லோஷன் ஒத்துப்போகலாம். கீறல் இருந்தால் மட்டும் அந்த இடத்தில் படிகாரம் போதும். சுருண்ட முடி உள்ளே வளர்ந்து கொப்புளம் வருபவர்களுக்கு எந்தப் பூச்சும் முழுத்தீர்வு ஆகாது. ஒட்ட மழிப்பதைக் குறைப்பதே வழி.

பூச்சைவிடக் கவனிக்க வேண்டியது கத்தி. ஹெபடைடிஸ் பி வைரஸ் உடலுக்கு வெளியே காய்ந்த இரத்தத்தில் குறைந்தது 7 நாள் உயிர்ப்புடன் இருக்கும். படிகாரமோ லோஷனோ அதை நீக்கிவிடும் என்று நம்ப முடியாது. பலர் முகத்திலும் தேய்க்கப்படும் ஒரே படிகாரக் கல்லும் ஐயத்துக்குரியதே. இதனால்தான் முழுக்கத்தியின் இடத்தில் ஒருமுறை மட்டும் பயன்படுத்தும் அரை பிளேடு வந்தது. படிகாரத்தைத் தண்ணீரில் கரைத்துக் குழாய்ப் புட்டியில் தெளிக்கும் வழக்கமும் பரவியது.

தமிழகக் கோயில்களில் முடி இறக்கும் கட்டணம் 2021இல் நீக்கப்பட்டது. அந்தப் பணியில் இருப்போருக்கு மாதம் 5,000 ரூபாய் ஊக்கத்தொகை அறிவிக்கப்பட்டது. மொட்டைக்குப் பின் பூசும் சந்தனம் மட்டும் இன்னும் பக்தர் தம் கைக்காசில் வாங்குவதாகவே இருக்கிறது.