போர்ஷே 930

போர்ஷே 930 என்பது ஜெர்மனியின் போர்ஷே நிறுவனம் 1975 முதல் 1989 வரை உற்பத்தி செய்த, ஸ்போர்ட்ஸ் கார் வகையைச் சேர்ந்த ஒரு தானுந்து ஆகும். 930 என்பது நிறுவனம் தனக்குள் பயன்படுத்திய வகை எண். விற்பனையில் இது போர்ஷே 911 டர்போ என அழைக்கப்பட்டது. வட அமெரிக்காவில் தொடக்கத்தில் டர்போ காரெரா என்ற பெயரில் விற்கப்பட்டது. தன் காலத்தின் மிக விரைவான சாலைத் தானுந்துகளுள் ஒன்றாக இது விளங்கியது. ஆயினும் அந்த விரைவை வளைவுகளில் பாதுகாப்பாகப் பயன்படுத்த ஓட்டுநருக்குத் தனிப் பயிற்சி தேவைப்பட்டது. பயிற்சியற்றோர் கைகளில் ஏற்பட்ட விபத்துகளால், கணவரைக் கொன்று மனைவியைக் கைம்பெண்ணாக்கும் வண்டி என்ற பொருளில் ஆங்கிலத்தில் ஒரு பட்டப்பெயரும் இதற்கு உண்டு.

தோற்றம்

1970களின் தொடக்கத்தில் போர்ஷே நிறுவனம் தன் 917 பந்தயத் தானுந்துகளில் டர்போச்சார்ஜரைப் பயன்படுத்தி வட அமெரிக்கப் பந்தயங்களில் வெற்றி பெற்றது. டர்போச்சார்ஜர் என்பது எந்திரத்தின் புகைப்போக்கு வளிமத்தால் சுழலும் ஒரு சிறு விசையாழியைக் கொண்டு, எந்திரத்தினுள் கூடுதல் காற்றை அழுத்திச் செலுத்தும் கருவியாகும். 1974 ஆம் ஆண்டு லே மான் 24 மணிநேரப் பந்தயத்தில் டர்போ பொருத்தப்பட்ட 911 ஒன்று இரண்டாம் இடம் பெற்றது. புதிய பந்தய விதிகளின்படி, போட்டியிடும் தானுந்தின் சாலை வடிவம் குறிப்பிட்ட எண்ணிக்கையில் விற்பனைக்கு உற்பத்தி செய்யப்பட வேண்டியிருந்தது. இத்தேவையை ஒட்டியே 930 உருவாக்கப்பட்டது. 1974 அக்டோபரில் பாரிசு தானுந்துக் கண்காட்சியில் இது அறிமுகமானது.

எந்திரமும் செயல்திறனும்

930 இன் எந்திரம் பின் அச்சுக்கும் பின்னால் அமைந்தது. கிடைநிலையில் எதிரெதிராக அமைந்த ஆறு உருளைகளைக் கொண்டது, காற்றால் குளிர்விக்கப்படுவது. இது இரண்டு வடிவங்களில் வெளிவந்தது.

3.0 லிட்டர் (1975 - 1977): 260 குதிரைத்திறன், 343 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை, உயர் விரைவு மணிக்கு ஏறத்தாழ 250 கிலோமீட்டர்.

3.3 லிட்டர் (1978 - 1989): 300 குதிரைத்திறன், 412 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை, உயர் விரைவு மணிக்கு ஏறத்தாழ 260 கிலோமீட்டர். இதில் அழுத்தப்பட்ட காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலரும், 917 பந்தயத் தானுந்தின் அடிப்படையில் அமைந்த பிரேக்குகளும் சேர்க்கப்பட்டன.

இரு வடிவங்களும் நின்ற நிலையிலிருந்து மணிக்கு 100 கிலோமீட்டர் விரைவை ஏறத்தாழ ஐந்தரை வினாடிகளில் எட்டின. 1988 வரை நான்கு கியர்களே இருந்தன. கடைசி ஆண்டான 1989 இல் ஐந்து கியர் பெட்டி பொருத்தப்பட்டது. சக்கரங்கள் பூட்டிக்கொள்வதைத் தடுக்கும் ஏபிஎஸ் பிரேக்கோ, மின்னணு நிலைப்புக் கட்டுப்பாடோ எந்த ஆண்டிலும் இல்லை.

கையாளுமை

வளைவும் டயரின் பிடிப்பும்

வளைவில் ஒரு தானுந்து செல்லக்கூடிய உயர் விரைவை எந்திரத்தின் ஆற்றல் தீர்மானிப்பதில்லை. டயருக்கும் சாலைக்கும் இடையிலான உராய்வே அதைத் தீர்மானிக்கின்றது. எடுத்துக்காட்டாக, 100 மீட்டர் ஆரமுள்ள சமதள வளைவில் உராய்வுக் கெழு 0.9 எனில், மணிக்கு ஏறத்தாழ 107 கிலோமீட்டர் விரைவே எல்லையாகும். மழையில் கெழு 0.5 ஆகக் குறைந்தால் எல்லை மணிக்கு 80 கிலோமீட்டராகின்றது. இந்த எல்லை 60 குதிரைத்திறன் தானுந்துக்கும் 300 குதிரைத்திறன் தானுந்துக்கும் ஏறத்தாழ ஒன்றே. ஆனால் ஆற்றல் மிக்க தானுந்து அடுத்த வளைவை மிகக் கூடிய விரைவில் வந்தடைகின்றது. எனவே விரைவை மதிப்பிட ஓட்டுநருக்குக் கிடைக்கும் நேரம் குறைகின்றது.

டயரின் பிடிப்பு, திரும்புதல், விரைதல், நிறுத்துதல் ஆகிய மூன்று வேலைகளுக்கும் பொதுவானது. பிடிப்பில் 80 விழுக்காடு திரும்புவதற்குச் செலவாகும்போது, விரைவதற்கோ நிறுத்துவதற்கோ ஏறத்தாழ 60 விழுக்காடு எஞ்சும். முழுப் பிடிப்பும் திரும்புவதற்கே செலவானால் எதுவும் எஞ்சாது.

எடைப் பரவல்

எந்திரம் பின்கோடியில் இருப்பதால் 930 இன் எடையில் பெரும்பகுதி பின் சக்கரங்களின் மீது தங்குகின்றது. இதனால் சில நன்மைகள் உண்டு. இயக்கப்படும் பின் சக்கரங்கள் சாலையை நன்கு பற்றுவதால் புறப்படும்போதும் வளைவிலிருந்து வெளியேறும்போதும் ஆற்றல் வீணாவதில்லை. பிரேக் பிடிக்கையில் எடை முன்னோக்கி நகர்ந்தாலும் பின் சக்கரங்களில் போதிய சுமை எஞ்சுவதால் நான்கு சக்கரங்களும் வேகத்தைக் குறைக்க உதவுகின்றன.

அதே அமைப்பே ஆபத்தையும் தருகின்றது. பின்பகுதியின் பெரும் எடை ஒருமுறை பக்கவாட்டில் வழுக்கத் தொடங்கினால், ஊசல் குண்டைப் போல் முழுத் தானுந்தையும் தன்னுடன் இழுத்துச் சுழற்ற முனைகின்றது. இவ்வாறு பின்பகுதி வெளிப்புறம் வழுக்குவதால் ஓட்டுநர் திருப்பியதைவிடத் தானுந்து கூடுதலாகத் திரும்புவது மிகைத் திருப்பம் எனப்படும். முன் சக்கரங்கள் வழுக்கித் தானுந்து குறைவாகத் திரும்புவது குறைத் திருப்பம் எனப்படும்.

ஆக்சிலரேட்டரை விடும்போது நிகழ்வது

வளைவில் விரைவு மிகுந்துவிட்டது என உணரும் ஓட்டுநர் பொதுவாக ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுப்பார். முன் சக்கரங்களால் இயங்கும் பெரும்பாலான சாதாரணத் தானுந்துகளில் இது பெரிதும் தீங்கற்றது. 930 இல் இதனால் மூன்று விளைவுகள் ஒரே நேரத்தில் ஏற்படுகின்றன.

முதலாவதாக, எடை முன்னோக்கி நகர்கின்றது. 1300 கிலோகிராம் எடையும் 2.27 மீட்டர் அச்சிடைத் தூரமும் உள்ள தானுந்தின் ஈர்ப்பு மையம் அரை மீட்டர் உயரத்தில் உள்ளது எனக் கொள்வோம். புவியீர்ப்பு முடுக்கத்தில் பத்தில் மூன்று பங்கு அளவுக்கு அது வேகம் குறைந்தால், ஏறத்தாழ 85 கிலோகிராம் சுமை பின் சக்கரங்களிலிருந்து முன் சக்கரங்களுக்கு மாறும். இரண்டாவதாக, எந்திரம் பின் சக்கரங்களை மட்டுமே பின்னிழுப்பதால் அவற்றின் பிடிப்பில் ஒரு பகுதி அதற்குச் செலவாகின்றது. மூன்றாவதாக, அக்காலப் பின் சக்கரத் தொங்கல் அமைப்பில், வேகம் குறையும்போது சக்கரங்களின் திசைக் கோணம் சிறிது மாறி நிலைப்பைக் குறைத்தது. இம்மூன்றும் சேர்ந்து, பிடிப்பு மிகத் தேவைப்படும் நேரத்தில் பின் டயர்களின் பிடிப்பைக் குறைக்கின்றன.

டர்போ தாமதம்

ஆக்சிலரேட்டரை மிதித்த பின் விசையாழி போதிய சுழற்சி பெறும்வரை ஆற்றல் முழுமையாக வருவதில்லை. இது டர்போ தாமதம் எனப்படும். டர்போ அழுத்தத்தைத் தாங்குவதற்காக 3.0 லிட்டர் எந்திரத்தின் அமுக்க விகிதம் 6.5 ஆகக் குறைக்கப்பட்டிருந்தது. எனவே குறைந்த சுழற்சியில் அது மந்தமாகவே இயங்கியது. பின்னர் ஆற்றல் திடீரெனப் பெருகியது. வளைவின் நடுவில் மிதித்த ஓட்டுநருக்கு, சக்கரங்கள் இன்னும் திரும்பிய நிலையில் இருக்கும்போதே அவ்வாற்றல் வந்து சேர்ந்தால் பின் டயர்கள் வழுக்கின. அதைக் கண்டு அஞ்சிக் காலை எடுத்தால் மேற்கூறிய மூன்று விளைவுகளும் தொடர்ந்தன.

ஓட்டுநரின் திறன்

930 ஐ விரைவாக ஓட்டுவதற்குரிய முறை, வளைவினுள் மெதுவாக நுழைந்து விரைவாக வெளியேறுதல் என்பதாகும். அதன் படிகள் பின்வருமாறு:

- வளைவுக்கு முன், நேரான பகுதியிலேயே பிரேக் பிடித்தலையும் கியர் மாற்றத்தையும் முடித்துக்கொள்ளல்.
- வளைவினுள் ஆக்சிலரேட்டரை முற்றிலும் விடாமல் மிதமாக அழுத்தியபடி, பின் சக்கரங்களின் மீது சுமையை நிலைநிறுத்தல்.
- டர்போ தாமதத்தைக் கணக்கிட்டுச் சற்று முன்னதாகவே மிதித்து, முன் சக்கரங்கள் நேராகும் நேரத்தில் முழு ஆற்றல் வந்துசேரும்படி செய்தல்.
- பின்பகுதி வழுக்கினால், சட்டெனக் காலை எடுக்காமல் வழுக்கும் திசையிலேயே ஸ்டியரிங்கைத் திருப்பி, தானுந்து சீரானவுடன் அதைத் தாமதமின்றி நேராக்கல். தாமதித்தால் தானுந்து எதிர்ப்புறம் சுழலக்கூடும்.

இவற்றுள் கடைசிப் படி மனித இயல்புணர்ச்சிக்கு மாறானது. அச்சத்தில் கால் தானாகவே ஆக்சிலரேட்டரை விட்டு விலகும். மணிக்கு 100 கிலோமீட்டரில் செல்லும் தானுந்து ஒரு வினாடியில் ஏறத்தாழ 28 மீட்டர் கடந்துவிடுவதால், நினைவில் உள்ள விதியைச் சிந்தித்துச் செயல்படுத்த நேரமில்லை. மூடிய ஓடுதளத்தில் பலமுறை பழகிய பின்னரே இது கைவரும். பொதுச் சாலையில் இதைப் பழகுவது பிறருக்கும் ஆபத்தாகும்.

பயிற்சி பெற்ற ஓட்டுநர்களின் கையில் இதே அமைப்பு என்ன செய்யக்கூடும் என்பதைப் பந்தயங்கள் காட்டின. 930 ஐ அடிப்படையாகக் கொண்ட 934, 935 ஆகிய பந்தய வடிவங்கள் 1976 இல் களமிறங்கின. 935 இன் ஆற்றல் 500 குதிரைத்திறனுக்கும் கூடுதலாக இருந்தது. 1979 இல் கிரேமர் அணியின் 935 கே3 லே மான் பந்தயத்தில் முதலிடம் பெற்றது.

பின்வந்த வகைகள்

1986 இல் வெளிவந்த போர்ஷே 959 இல் நான்கு சக்கர இயக்கமும், தாமதத்தைக் குறைக்க ஒன்றன்பின் ஒன்றாக இயங்கும் இரு டர்போக்களும் இருந்தன. 1993 இல் அறிமுகமான 911 வகையில் பின் தொங்கல் அமைப்பு முற்றிலும் மாற்றப்பட்டது. 1995 இல் வந்த அதன் டர்போ வடிவம் இரு டர்போக்களையும் நான்கு சக்கர இயக்கத்தையும் பெற்றது. 1990களின் இறுதியில் மின்னணு நிலைப்புக் கட்டுப்பாடு 911 இல் இடம்பெற்றது. இக்கட்டுப்பாடு, தானுந்து சுழலத் தொடங்குவதை உணரிகளால் அறிந்து, தனித்தனிச் சக்கரங்களில் பிரேக்கைச் செலுத்தி அதை நேராக்க முயல்கின்றது. 930 இல் ஓட்டுநரே செய்யவேண்டியிருந்த திருத்தத்தில் ஒரு பகுதியை இது மேற்கொள்கின்றது. 2014 முதல் ஐரோப்பிய ஒன்றியத்தில் புதிய தானுந்துகள் அனைத்துக்கும் இது கட்டாயமாகும்.

எனினும் இக்கருவிகள் எவையும் டயரின் உராய்வு எல்லையை உயர்த்துவதில்லை. வளைவினுள் எல்லையை மீறிய விரைவில் நுழையும் தானுந்து, எத்தகைய கட்டுப்பாடு இருப்பினும் சாலையை விட்டு விலகும். நுழையும் விரைவைத் தீர்மானிக்கும் பொறுப்பு 930 இல் இருந்ததைப் போலவே, அதன் பின்வந்த வகைகளிலும் ஓட்டுநரிடமே உள்ளது.