குடுமியும் விசாவும்

போன மாசம் சேலையூர்ல சித்தப்பா வீட்டுக்குப் போயிருந்தேன். அவர் பையன் இன்ஜினியரிங் கடைசி வருஷம். "அண்ணா, எம்.எஸ். போகட்டுமா?"ன்னு கேட்டான். என்னடா படிக்கப் போறேன்னு கேட்டா பதில் இல்லை. "எங்க செட்ல ஒன்பது பேர், ஏழு பேர் அப்ளை பண்ணியாச்சு"ங்கிறதுதான் பதில். சித்தப்பா கடன் வட்டிக்குக் கணக்கு போட்டுக்கிட்டிருந்தார். சித்தி சமையல்கட்டை விட்டு வெளியவே வரலை.

திரும்பி வரும்போது ராமானுஜன் ஞாபகம்தான். அட, நம்ம கணிதமேதை ராமானுஜனேதான்!

1913 ஜனவரியில் அவர் ஹார்டிக்குக் கடிதம் எழுதின கதை எல்லாருக்கும் தெரியும். ஹார்டி கேம்பிரிட்ஜுக்குக் கூப்பிட்டப்போ இவர் முதல்ல மாட்டேன்னு சொன்னதைத்தான் நாம தாண்டிப் போயிடறோம். கடல் தாண்டினா சாதியை விட்டுத் தள்ளி வைப்பாங்கன்னு பயம். அம்மா கோமளத்தம்மாளும் சம்மதிக்கலை. 1914 தொடக்கத்தில் சென்னைப் பல்கலைக்கழகத்தில் சொற்பொழிவு ஆற்ற வந்த நெவில் மறுபடி கேட்டார். இந்தத் தடவை சரின்னுட்டார்.

நடுவுல என்ன ஆச்சு? நாமகிரித் தாயார் அம்மா கனவுல வந்து, பிள்ளையைத் தடுக்காதேன்னு சொன்னதா ஒரு கதை. ராமானுஜனே நாமக்கல் கோயில்ல மூணு ராத்திரி படுத்திருந்து உத்தரவு வாங்கினதா இன்னொரு கதை. எது நிஜமோ, எனக்குப் படறது இதுதான்: நாலு பேர் கேட்டா சொல்றதுக்கு அந்த அம்மாவுக்கு ஒரு பதில் வேண்டியிருந்தது. தாயாரே சொல்லிட்டான்னா யார் வாயைத் திறப்பாங்க?

பல்கலைக்கழகம் வருஷத்துக்கு 250 பவுண்டு கொடுத்தது. அதுல 50 குடும்பத்துக்கு. அம்மாவையும் மனைவியையும் முன்னாடியே கும்பகோணம் அனுப்பிட்டு, குடுமியை எடுத்துட்டு, 1914 மார்ச் 17 அன்னிக்கு 'நெவாசா' கப்பல்ல ஏறினார். ஆனா ஊர் மறக்கலை. 1919-ல் திரும்பி வந்து, 1920 ஏப்ரல் 26-ல் சேத்துப்பட்டுல இறந்தப்போ, கடல் தாண்டினவர்னு உறவுக்காரங்க பலர் இறுதிச் சடங்குக்கே வரலை. வயசு 32.

பதினாறே வருஷத்துல காத்து திசை மாறிடுச்சு. 1930-ல் பிரசிடென்சி காலேஜ் முடிச்ச சுப்ரமணியன் சந்திரசேகருக்கு அரசாங்க உதவித்தொகை கிடைச்சது. அம்மா சீதாலட்சுமி படுத்த படுக்கை. இந்த நேரத்துல போகணுமான்னு சொந்தக்காரங்க இழுத்தாங்க. போன்னு பிடிவாதமா அனுப்பி வெச்சதே அந்த அம்மாதான். 1930 ஜூலை 31 பம்பாய்ல கப்பல் ஏறினார். அந்தக் கப்பல்ல போட்ட கணக்குதான் பின்னாடி நோபல் வரைக்கும் போச்சு. 1931 மே மாசம் அம்மா போயிட்டாங்க. பிள்ளை வந்து பார்க்க முடியலை.

இப்ப கடல் தாண்டினா யாரும் தள்ளி வைக்கறதில்லை. தாண்டலைன்னாதான் கல்யாண வீட்டுல கேக்கறாங்க, "ஏன் தம்பி, நீ போகலையா?"ன்னு. சாமி உத்தரவு மட்டும் மாறலை பாருங்க. மீனம்பாக்கம் ஏர்போர்ட்டுக்குக் கொஞ்ச தூரத்துல விசா கணபதி கோயிலே இருக்கு. பாஸ்போர்ட்டோட வந்து கும்பிட்டுட்டுத்தான் ஜெமினி பாலத்துப் பக்கம் தூதரகத்துக்குப் போறாங்க :-)

எனக்கும் 2018-ல் அட்மிட் வந்தது. அப்ப அப்பாவுக்கு பைபாஸ். அம்மா போன்னும் சொல்லலை, இருன்னும் சொல்லலை. தினமும் காலையில டிபன் வைக்கும்போது முகத்தைப் பார்ப்பாங்க, அவ்வளவுதான். நான் சிறுசேரியில வேலைக்குச் சேர்ந்துட்டேன். அம்மா கோமளத்தம்மாளா, சீதாலட்சுமியான்னு இன்னி வரைக்கும் கேட்டதில்லை.

சித்தப்பா பையன் கிளம்பும்போது என் பழைய ஜிஆர்இ புத்தகத்தைக் கேட்டான். மறுநாளே கொண்டுபோய்க் கொடுத்தேன். அது எனக்கே சீனியர்ங்க கைமாறி வந்தது. முதல் பக்கத்துல நாலு பேர் பேர் எழுதியிருக்கு. மூணு பேர் அங்க இருக்காங்க. நாலாவது நான். அஞ்சாவதா அவன் பேரை அப்பவே எழுதிட்டான்.