பட்டுக் கயிற்றில் தொங்கிய பண்டிதர்

குளிர் நாடுகளில் பனிக்காலத்தில் கம்பளி விரிப்பின்மேல் நடந்துவந்து கதவின் பித்தளைக் குமிழைத் தொடுகிறவர் விரலில் சுரீரென்று தைக்கும் மின்னதிர்ச்சியை இக்காலத்தவர் ஓர் உபத்திரவமாகவே கருதுகின்றனர். பதினெட்டாம் நூற்றாண்டு ஐரோப்பாவிலோ அதே அதிர்ச்சியை உண்டாக்குவதற்குப் பண்டிதர்கள் பட்ட பாடு கொஞ்சநஞ்சமன்று.

லண்டன் சார்ட்டர்ஹவுஸ் என்னும் தர்ம ஸ்தாபனத்தின் ஆதரவில் முதுமையைக் கழித்த ஸ்டீபன் கிரே, சாயத் தொழிலிலிருந்து விஞ்ஞானத்துக்கு வந்தவர். 1729ஆம் ஆண்டில், தேய்த்த கண்ணாடிக் குழாயில் எழும் மின்சக்தியைச் சணல் கயிற்றின் வழியே நெடுந்தூரம் கொண்டுசெல்ல அவர் முயன்றுகொண்டிருந்தபோது, கயிற்றைத் தாங்கிய பட்டு நூல் பாரம் தாளாமல் அற்றுப்போகவே, பித்தளைக் கம்பியைக் கட்டிப் பார்த்தார். சக்தி மறுமுனையை எட்டாமலே ஒழிந்தது. நூலின் மென்மையன்று, பட்டின் இயல்பே மின்சக்தியைக் காத்தது என்பது அதனால் விளங்கிற்று. மறு ஆண்டு ஏப்ரலில் ஒரு சிறுவனைக் கயிறுகளில் கிடையாகத் தொங்கவிட்டு, அவன் பாதத்தருகே குழாயை நீட்டி, முகத்தை நோக்கிப் பித்தளைத் தகட்டுத் துணுக்குகள் எழும்புவதைக் காட்டினார். சிறுவனுக்கு அதில் என்ன சுகம் இருந்திருக்குமோ!

பாரிஸ் நகரத்து டூ ஃபே, பட்டுக் கயிறுகளில் தம்மையே தொங்கவிட்டுக்கொண்டார். அவர் உடலருகே மற்றொருவர் விரலை நீட்டியதும் பொறி தெறித்து, இருவருக்குமே ஊசி தைத்தாற்போல் வலித்தது. மனித சரீரத்திலிருந்து பொறி எழக் கண்ட வியப்பை, உடனிருந்த நொலே பாதிரியார் ஆயுள் முழுதும் மறக்கவில்லை. மின்சாரத்தைச் சேமித்துவைக்கும் லெய்டன் ஜாடி பின்னர் வந்ததும், கைகோத்து நின்ற 180 சிப்பாய்களைப் பிரெஞ்சு அரசர் முன்னிலையில் ஒரே கணத்தில் துள்ளவைத்தவரும் அவரே. விட்டன்பெர்க் பேராசிரியர் போஸேயோ பிசின் பலகைமேல் ஒரு சீமாட்டியை நிறுத்தி மின்சாரம் ஏற்றி, முத்தமிட வருபவரின் உதட்டில் பொறி பறக்கச் செய்தார். விஞ்ஞானத்தில் இத்தனை ரசிகத்தன்மை அதன்பின் அபூர்வம்.

தரையோடு தொடர்பற்ற உடலில் சேர்ந்த மின்சாரம், வழி கிடைத்ததும் பாய்கிறது, இவ்வளவே விஷயம். இன்று ரப்பர் அடிப்புறமுள்ள காலணியே பட்டுக் கயிறாகிவிட, விரிப்போடு அது ஒட்டிப் பிரிவதே குழாயைத் தேய்ப்பதற்கு ஈடாகிறது. காற்றில் ஈரமிருந்தால் அது பொருள்களின் மேற்பரப்பில் படிந்து மின்சாரத்தைக் கசியவிடும், கணப்பு மூட்டிய அறையின் வறண்ட காற்றிலோ மின்சாரம் ஆயிரக்கணக்கான வோல்ட்டாக ஏறி நிற்கும்.

ஆகவே அறைக் காற்றில் ஈரம் சேர்ப்பதும் செயற்கை இழையை விட்டுப் பருத்தி உடுப்பதும் நலம். சாவியை இறுகப் பற்றி அதன் நுனியால் குமிழைத் தொட்டால் பொறி சாவியில் தெறிக்கும், விரல் தப்பும். காரிலிருந்து இறங்குகிறவர், இருக்கையை விட்டு எழும்போதே கதவின் உலோகத்தைப் பிடித்துக்கொள்ள வேண்டும். பெட்ரோல் நிரப்பும் இடத்தில் இதை அலட்சியம் செய்யலாகாது. அங்கே ஆவியைப் பற்றவைக்க ஒரு பொறி போதும்.