நெல்லுக்கு இடம்விட்ட பூ

ஜப்பானிய ஐரிஸ் மலர் என்றவுடன் பலருக்கும் ஓகதா கோரின் பொற்தகட்டுத் திரைகளில் தீட்டிய நீலப் பூக்களே நினைவுக்கு வரும். அவை காகித்சுபதா, ஆண்டு முழுதும் நீரில் நிற்பவை. நான் சொல்லவந்தது அதன் உறவினளான ஹனஷோபுவைப் பற்றி. அதற்கு ஈரம் வேண்டும், ஆனால் எந்நேரமும் மூழ்கிக் கிடக்கலாகாது. மொட்டு விடும் காலத்தில் நீர் பெருகவேண்டும். பூத்து முடிந்ததும் வேரைப் பிரித்து நடவேண்டும். சுண்ணாம்பு கலந்த மண் ஆகாது. ஏறக்குறைய நெல் விளையும் நிலமே அதற்கும் உவந்த நிலம். இந்தப் பொருத்தமே பின்னாளில் அதற்கு வினையாயிற்று.

காட்டில் அது மூன்று இதழ் கொண்ட எளிய செவ்வூதாப் பூ. அதை நாமறிந்த வடிவுக்குக் கொண்டுவந்தவர்களுள் தலையாயவர் எடோ நகரத்துச் சாமுராய் மத்சுதைரா சதாதோமோ (1773-1856). விதையிட்ட செடி பூக்க இரண்டு மூன்று ஆண்டுகள் ஆகும். அதைப் பார்த்துத் தேர்ந்து, மீண்டும் விதைத்து, மீண்டும் காத்திருந்து ஏறத்தாழ அறுபதாண்டுகளை அவர் கழித்தார். தமக்கு அவர் சூட்டிக்கொண்ட பெயர் ஷோஓ: ஐரிஸ் கிழவர். அவர் உண்டாக்கிய 'உச்சூ' (அண்டம்) இன்றும் பூக்கிறது.

அவருடைய செடிகள் இரு வழியே சென்றன. குமமோதோவின் ஹொசொகாவா பிரபுவுக்குத் தந்தபோது, வெளியாருக்குக் கொடுக்கலாகாது என்று நிபந்தனை விதித்தார் என்பர். அங்கே அதைத் தொட்டியில் வளர்த்து, பூக்கும் நாளில் அறைக்குள் வைத்துக் கண்டார்கள். பின்னர் எழுந்த 'முழுநிலாச் சங்கம்' அக்கட்டுப்பாட்டைக் காத்தது. எனினும் இருபதாம் நூற்றாண்டில் செடிகள் வெளியேறிவிட்டன. பூவைச் சிறைவைப்பதில் எனக்கு உடன்பாடில்லை. ஆயினும் அந்தப் பிடிவாதம் பல வகைகளைக் காத்தது என்பதையும் மறுக்க இயலாது.

மற்றொரு வழி, சுமிதா ஆற்றுக்குக் கிழக்கே ஹொரிகிரிச் சிற்றூரின் தாழ்நிலத் தோட்டங்கள். 1857இல் ஹிரோஷிகே அவற்றை வரைந்தபோது பூக்களை முன்னே பெரிதாகவும் மனிதரைத் தொலைவில் புள்ளிகளாகவும் அமைத்தார். பார்க்க வருவோருக்குத் தடையில்லை. மெய்ஜி காலத்தில் வேர்கள் கடல் கடந்தும் விற்பனைக்குச் சென்றன.

இரண்டாம் உலகப்போர் வந்தது. அரிசி வேண்டியிருந்தது. ஹொரிகிரியில் பூ நின்ற சேற்றில் நெல் நட்டார்கள். மண்ணைப் பெரிதாக மாற்றவேண்டிய தேவையும் இருந்திராது. பசித்தவரிடம் பூவுக்காக யார் வழக்காட முடியும்?

போருக்குப் பின், எஞ்சிய செடிகளைக் கொண்டு ஒரு தோட்டம் மட்டும் மீண்டது. தோக்கியோ மாநகர ஆட்சி அதை வாங்கி 1960இல் பொதுமக்களுக்குத் திறந்தது. 1975இல் அது கத்சுஷிகா வட்டாரத்தின் பொறுப்பில் வந்தது. சுற்றிலும் இப்போது வீடுகள். நெல்வயல் இல்லை. ஜூன் மாதத்தில் பூ இருக்கிறது.