சந்தக்ஃபூ ஏறும் லேண்ட்ரோவர்கள்

இரண்டாம் உலகப்போர் முடிந்த சமயம், இங்கிலாந்தில் இரும்புத் தகடு குதிரைக்கொம்பு. ரோவர் கம்பெனியின் மாரிஸ் வில்க்ஸ், தன் பண்ணையில் ஓட்டிய அமெரிக்க ஜீப்பைப் பார்த்து ஒரு வண்டி யோசித்தார். பாடிக்கு அலுமினியக் கலவைத் தகடு. 1948-ல் ஆம்ஸ்டர்டாம் கண்காட்சிக்கு வந்த லேண்ட்ரோவர் பிறந்த கதை இதுதான்.

டார்ஜிலிங் தேயிலைத் தோட்டத் துரைகள் அதை இங்கே கொண்டுவந்தார்கள். துரைகள் போனார்கள், வண்டிகள் மலைக்காரர்கள் கைக்கு வந்தன. மானேபஞ்சாங்கிலிருந்து 3,636 மீட்டர் உயர சந்தக்ஃபூவுக்குச் சுமார் 31 கி.மீ. மற்ற வண்டிகள் திணறிய அந்தக் கல் பாதையில் ஆளையும் மூட்டையையும் ஏற்றியது இவைதான்.

பழைய பெட்ரோல் எஞ்சின்கள் தேய்ந்தன, ஸ்பேர் கிடைக்கவில்லை. மஹிந்திரா டீசல் எஞ்சினை எடுத்துப் பொருத்திவிட்டார்கள்! அலுமினிய பாடியில் இரும்புத்துரு ஏறாது. அடியில் இருக்கும் சேஸி இரும்பு. வெல்டிங், பெயிண்ட் எல்லாம் அதற்குத்தான்.

எங்கள் வங்கிக் கணக்குப்படி தேய்மானம் போட்டால் இவற்றின் மதிப்பு எப்போதோ பூஜ்யம். கடனுக்கு ஈடாகக் காட்டினால் நானே கையெழுத்துப் போடமாட்டேன். ஆனால் எத்தனையோ வீடுகளில் அடுப்பெரிய வைத்தது இந்தப் பூஜ்யம்தான்.

அந்தப் பக்கம் போனால், பிள்ளைகளுக்கு பானட்டைத் திறந்து காட்டச் சொல்லுங்கள்.